மூணு மாச ஊசி போட்டா எச்ஐவி வருமா? எட்டு வருஷம் தெளிவான பதில் இல்லாம இருந்த கேள்வி

கர்ப்பத்தடைன்னு சொன்னா நம்ம ஊர்ல மொதல்ல ஞாபகத்துக்கு வர்றது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அதுக்கப்புறம் காப்பர் டி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா, ஜாம்பியா பக்கம் போனா நிறைய பொண்ணுங்க சொல்றது ஊசி. டெப்போ ப்ரொவேரான்னு பேரு, சுருக்கமா டெப்போ. கைலயோ இடுப்புலயோ ஒரு தடவ போட்டுட்டா மூணு மாசத்துக்கு கர்ப்பம் பத்தின கவலை இல்ல. அங்க பெண்கள் இத இவ்ளோ விரும்புறதுக்கு பெரிய காரணம் என்னன்னா, போட்டது யாருக்கும் தெரியாது. மாத்திரை அட்டைய மாமியார் பாத்துருவாங்க, காண்டம் போடணும்னா புருஷன் சம்மதிக்கணும், கைத்தோலுக்கடியில வைக்கிற சின்னக் குச்சியான இம்ப்ளான்ட்னா தொட்டாலே தட்டுப்படும். ஊசி போட்ட தடயம் சாயந்திரத்துக்குள்ள மறைஞ்சுரும். கொழந்த எப்ப வேணும்னு முடிவு பண்ற உரிமை வீட்ல கிடைக்காத பொண்ணுக்கு கிளினிக்ல அஞ்சு நிமிஷத்துல கிடைக்குது, இத யாரும் லேசா எடுத்துக்கக் கூடாது.

எச்ஐவி அதிகமா பரவுறதும் அதே நாடுகள்லதான். ஐ.நா.வோட எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் கணக்குப்படி 2022ல உலகத்துல ஒவ்வொரு வாரமும் 15லேர்ந்து 24 வயசுக்குள்ள இருக்கிற பொண்ணுங்க சுமார் 4,000 பேருக்கு புதுசா எச்ஐவி வந்துச்சு, அதுல 3,100 பேர் சஹாராவுக்குத் தெக்க இருக்கிற ஆப்பிரிக்காவுல. ஊசி அதிகமா போடுற ஊர்லயே எச்ஐவியும் அதிகமா இருந்தா சந்தேகம் வரத்தான் செய்யும். இந்த ஊசியே நோய்க்கு வழி விடுதா?

சந்தேகம் 90கள்லயே இருந்துச்சு. 1996ல குரங்குகளை வச்சு பண்ண ஒரு ஆராய்ச்சியில, ப்ரொஜெஸ்டிரான் ஹார்மோன் வச்ச குரங்குகளுக்கு பிறப்புறுப்போட உள்தோல் மெலிஞ்சு போறதயும், எச்ஐவிக்குச் சொந்தக்கார வைரஸ் சுலபமா தொத்திக்கிறதயும் பாத்தாங்க. டெப்போவும் ப்ரொஜெஸ்டிரான் வகையறாதான். ஆனா குரங்குல நடந்தது அப்படியே மனுஷங்களுக்கு நடக்கும்னு சொல்ல முடியாது, அதனால விஷயம் ஆராய்ச்சியாளர்கள் வட்டத்துக்குள்ளயே கிடந்துச்சு.

2011ல அது பெருசா வெடிச்சது. ஏழு ஆப்பிரிக்க நாடுகள்ல, தம்பதியில ஒருத்தருக்கு மட்டும் எச்ஐவி இருக்கிற 3,790 ஜோடிகளைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வோட முடிவு வந்துச்சு. ஹார்மோன் கர்ப்பத்தடை எடுத்த பெண்கள்ல வருஷத்துக்கு நூத்துக்கு சுமார் 6.6 பேருக்கு எச்ஐவி தொத்திருக்கு, எடுக்காதவங்கள்ல 3.8 பேருக்கு. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அவங்கள்ல பெரும்பாலானவங்க எடுத்தது ஊசி. நியூயார்க் டைம்ஸ் இத முதல் பக்கத்துல போட்டுது, உலகம் பூரா குடும்பக் கட்டுப்பாடு வேலை பாக்குறவங்க ஆடிப் போனாங்க.

இந்த எடத்துல கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். அந்த ஆய்வுல யாருக்கு ஊசி, யாருக்கு வேற முறைன்னு ஆராய்ச்சி பண்ணவங்க பிரிக்கல, பெண்களே அவங்கவங்க விருப்பப்படி எடுத்துக்கிட்டாங்க, ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க மட்டும் செஞ்சாங்க. ஊசி போட்டுக்கிற பொண்ணுக்கும் போட்டுக்காத பொண்ணுக்கும் நடுவுல ஊசி மட்டுமா வித்தியாசம்? கர்ப்பம் ஆகாதுங்கிற தைரியத்துல காண்டம விட்டுருக்கலாம், அடிக்கடி உறவு வச்சிருக்கலாம், முக்கியமா காண்டம் போட மாட்டேன்னு அடம்பிடிக்கிற ஆளோட வாழ்றதாலதான் ஊசிக்கே போயிருக்கலாம். கேட்டா எல்லாரும் காண்டம் போடுறோம்னுதான் சொல்வாங்க, அத நம்பி கணக்குப் போட முடியாது. அப்ப எச்ஐவி வந்தது ஊசியாலயா, இல்ல ஊசிக்குப் பின்னாடி இருக்கிற அந்த வாழ்க்கையாலயா? இத மாதிரி ஆய்வுகள் இன்னும் எத்தன பண்ணாலும் இதப் பிரிச்சுப் பாக்க முடியாது. அப்புறம் வந்த ஆய்வுகளும் ஒண்ணு ஆமான்னுச்சு, இன்னொண்ணு இல்லன்னுச்சு.

உலக சுகாதார நிறுவனம் 2012 பிப்ரவரில ஒரு அறிக்கை விட்டாங்க. ஊசிய நிறுத்த வேணாம், ஆனா எச்ஐவி ஆபத்து உள்ள பெண்கள் காண்டமும் சேத்து பயன்படுத்தணும்னு வலியுறுத்துங்கன்னு. 2017ல இன்னும் ஒரு படி போய், இந்தப் பெண்களுக்கு ஊசிய "கட்டுப்பாடே இல்லாம கொடுக்கலாம்"ங்கிற பட்டியல்லேர்ந்து எடுத்து "நன்மை ஆபத்தவிட அதிகம், ஆனா சொல்லிட்டுக் கொடுங்க"ங்கிற பட்டியல்ல வச்சாங்க. ஜெனீவாவுல ஒக்காந்து எழுதுறதுக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா கிராமத்து கிளினிக்ல ஒரு நாளைக்கு நூறு பேரப் பாக்குற நர்ஸ் அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது? இந்த ஊசி எச்ஐவிய கொண்டு வரலாம், கொண்டு வராமலும் இருக்கலாம், காண்டம் போடுங்கன்னா? காண்டம் போட வைக்க முடியலன்னுதானே அவ ஊசிக்கே வந்திருக்கா.

அப்படியே ஊசிய நிறுத்திடுங்கன்னு சொன்னவங்களும் இருந்தாங்க, ஆனா அதுக்கும் உயிர்தான் விலை. ஊசி இல்லாம போனா கர்ப்பம் கூடும், பிரசவத்துல சாவு அதிகமா இருக்கிற நாடுகள்ல ஒவ்வொரு வேண்டாத கர்ப்பமும் ஆபத்து, அதுலயும் யாருக்கும் தெரியாம கருக்கலைப்புக்கு போற பொண்ணுங்க நிலமை இன்னும் மோசம். ஒரு பக்கம் எச்ஐவி, இன்னொரு பக்கம் பிரசவச் சாவு, எதுக்கு அதிகமா பயப்படணும்னே தெரியாத ஒரு எடத்துல இந்தப் பெண்கள வருஷக் கணக்குல நிக்க வச்சாச்சு.

பதில் கண்டுபிடிக்க ஒரே வழி, குலுக்கல் முறையில பெண்களைப் பிரிச்சு வேற வேற கர்ப்பத்தடை கொடுத்துப் பாக்குறது. இதுக்கு நிறைய எதிர்ப்பு வந்துச்சு. எந்தக் கர்ப்பத்தடைன்னு முடிவு பண்றது பெண்ணோட உரிமை, அத எப்படி குலுக்கல்ல விடுவீங்கன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், தென்னாப்பிரிக்காவுல இன்னும் அதிக நியாயம். நிறவெறி ஆட்சிக் காலத்துல, 1974ல ஆரம்பிச்ச அரசாங்க குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துல இதே டெப்போவத்தான் கறுப்பினப் பெண்களுக்கு தேர்வு கொடுக்காம போட்டுத் தள்ளுனாங்க. அந்த நாட்டுல போய் ஊசி ஆராய்ச்சின்னா அம்மாக்களும் பாட்டிகளும் சந்தேகமா பாக்காம இருப்பாங்களா?

இருந்தும் ஆய்வு நடந்துச்சு. எக்கோன்னு பேரு, 2015 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2018 அக்டோபர்ல முடிஞ்சது. தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாட்டினி நாலு நாட்டுலயும் சேத்து 12 இடங்கள், 16லேர்ந்து 35 வயசு வரைக்கும் 7,829 பெண்கள். குலுக்கல்படி மூணுல ஒண்ணு: டெப்போ ஊசி, காப்பர் டி, இல்ல லெவோநார்ஜெஸ்ட்ரல் இம்ப்ளான்ட். பெண்கள் சம்மதிக்க மாட்டாங்க, நடுவுல மாத்திக்குவாங்கன்னு சொன்னாங்க, ஆனா பெரும்பாலானவங்க கிடைச்ச முறையிலயே கடைசி வரைக்கும் இருந்தாங்க. இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சாகணும்னு அவங்களுக்கும் இருந்திருக்கும்.

2019 ஜூன்ல தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல நடந்த எய்ட்ஸ் மாநாட்டுல முடிவு சொன்னாங்க, அதே சமயத்துல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்லயும் வந்துச்சு. மொத்தம் 397 பேருக்கு எச்ஐவி. ஊசிக் குழுவுல 143, காப்பர் டி குழுவுல 138, இம்ப்ளான்ட் குழுவுல 116. ஊசிக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தற்செயலா வரக்கூடிய அளவுதான்னு கணக்கு சொல்லுது. ஹார்மோனே இல்லாத காப்பர் டியும் ஊசியும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தது முக்கியமான விஷயம். இந்த ஆய்வு 50 சதவீதமும் அதுக்கு மேலயும் ஆபத்து கூடுதான்னு கண்டுபிடிக்கத்தான் வடிவமைக்கப்பட்டது, அதனால சின்ன வித்தியாசம் சுத்தமா இல்லன்னு இத வச்சு சத்தியம் பண்ண முடியாது, ஆனா 2011ல பயந்த அந்த ரெண்டு மடங்கு இல்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல உலக சுகாதார நிறுவனம் ஊசிய மறுபடியும் கட்டுப்பாடு இல்லாத பட்டியலுக்கே கொண்டு வந்துட்டாங்க.

ஊசி தப்பிச்சதுன்னு செய்தி போட்டு எல்லாரும் நகந்துட்டாங்க. எனக்கு அந்த ஆய்வுல மனச விட்டுப் போகாதது வேற ஒரு எண்ணு. மூணு குழுவையும் சேத்துப் பாத்தா வருஷத்துக்கு நூறுக்கு 3.8 பேருக்கு புதுசா எச்ஐவி. இவங்க யாரு? பாலியல் தொழில் பண்றவங்கன்னோ, வேற ஏதாவது ஆபத்துப் பட்டியல்ல இருக்கிறவங்கன்னோ தேடிப் பிடிச்சு சேத்தவங்க இல்ல. கர்ப்பத்தடை வேணும்னு வந்த சாதாரணப் பொண்ணுங்க. ஆராய்ச்சியில இருக்கும்போது காண்டம் கொடுத்தாங்க, ஆலோசனை சொன்னாங்க, அடிக்கடி டெஸ்ட் பண்ணாங்க, அதுக்கப்புறமும் இந்த நிலமை. ஆரம்பத்துல டெஸ்ட் பண்ணப்பவே நூத்துக்கு 18 பேருக்கு கிளமிடியா தொற்று இருந்துச்சு. பெரும்பாலும் வெள்ளைப்படுதல், எரிச்சல் மாதிரி எதுவுமே இல்லாம உள்ளயே இருக்கிற தொற்று அது, இருந்தா எச்ஐவி உள்ள வர்றது இன்னும் சுலபம், கவனிக்காம விட்டா கருக்குழாயும் கெட்டுப் போகும். பெரும்பாலான அரசு கிளினிக்குகள்ல இதுக்கு டெஸ்ட்டே கிடையாது, பொண்ணு அறிகுறி சொன்னாத்தான் மருந்து. எட்டு வருஷமா ஊசியா ஊசியான்னு கேட்டுக்கிட்டு இருந்தோம், ஊசி போட வந்த பொண்ண எச்ஐவியிலேர்ந்து காப்பாத்த அந்த கிளினிக்ல என்ன இருக்குன்னு கேக்கல.

ஏன் பொண்ணுங்களுக்கு மட்டும் இவ்ளோ? உடம்பு ஒரு காரணம். உறவுக்கப்புறம் விந்து உள்ளயே தங்குது, தொற்று படுற பரப்பும் ஆம்பளைய விட அதிகம், வயசு கம்மியா இருந்தா கருப்பை வாயோட மென்மையான திசு வெளிய தெரியுற மாதிரி இருக்கும். பிறப்புறுப்புல இயற்கையா இருக்கிற நல்ல பாக்டீரியா குறைஞ்சு கெட்டது பெருகினாலும் ஆபத்து கூடும். ஆனா உடம்பு பாதிக் கதைதான். தென்னாப்பிரிக்காவோட குவாசுலு நட்டால்ல வைரஸோட மரபணுவ வச்சு யாருகிட்டேர்ந்து யாருக்கு போச்சுன்னு தேடுனப்ப, 25 வயசுக்குக் கீழ உள்ள பொண்ணுங்களுக்கு வந்தது அவங்கள விட சராசரியா எட்டு, ஒம்போது வயசு பெரிய ஆம்பளைங்க கிட்டேர்ந்துன்னு தெரிஞ்சது. பதினெட்டு வயசுப் பொண்ணு இருவத்தேழு வயசு ஆளுகிட்ட, அதுவும் செலவுக்கு காசு கொடுக்கிற ஆளுகிட்ட, காண்டம் போடுன்னு எப்படி சொல்வா.

நம்ம பக்கமும் இது தெரியாத விஷயம் இல்ல. இந்தியாவுல முதல் எச்ஐவி தொற்றை 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடிச்சாங்க, அப்ப எல்லாரும் பாலியல் தொழிலாளிகள கை காட்டுனாங்க. 2000ல வெளியான ஒரு சென்னை ஆய்வுல எச்ஐவி வந்த பெண்கள்ல பத்துல கிட்டத்தட்ட ஒம்போது பேர் புருஷன் ஒருத்தரத் தவிர வேற யாரோடயும் உறவு இல்லாதவங்க. தாலி கட்டுனதுதான் அவங்க செஞ்ச ஒரே ஆபத்தான காரியம். அவங்ககிட்ட போய் கட்டுப்பாடா இருங்கன்னு விளம்பரம் பண்ணி என்ன பிரயோஜனம்?

அதனாலதான் பெண்ணே கைல வச்சிருக்கக் கூடிய, யாரு அனுமதியும் கேக்க வேண்டாத ஒரு தடுப்பு வேணும்னு முப்பது வருஷத்துக்கு மேல தேடுறாங்க. மொதல்ல கைக்கு வந்தது நானாக்சினால் 9, விந்தணுவக் கொல்ற பழைய ஜெல். அது 2000ல தலைகீழா முடிஞ்சது, அடிக்கடி பயன்படுத்துன பெண்களுக்கு உள்ள புண்ணாகி எச்ஐவி ஆபத்து கூடிப் போச்சு. இன்னொரு ஜெல்ல ஆப்பிரிக்காவுலயும் இந்தியாவுலயும் சோதிச்சாங்க, 2007ல நடுவுலயே நிறுத்துனாங்க. 2010ல டர்பனச் சேர்ந்த குவாரைஷா அப்துல் கரீம் குழு டெனோஃபோவிர்ங்கிற எச்ஐவி மருந்து கலந்த ஜெல்ல 889 பெண்கள்கிட்ட சோதிச்சு தொற்று 39 சதவீதம் குறையுதுன்னு வியன்னா மாநாட்டுல சொன்னப்ப அரங்கமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. ஆனா அடுத்து வந்த பெரிய ஆய்வுகள்ல அந்த ஜெல் நிக்கல.

எச்ஐவி வராம தடுக்க தினமும் சாப்பிடுற மாத்திரையும் அதே கதை. வாய்ஸ்னு ஒரு ஆய்வு, 5,000 பெண்களுக்கு மேல. மாத்திரை ஜெல்லு எல்லாம் ஒழுங்கா எடுக்கிறோம்னு கிட்டத்தட்ட எல்லாருமே சொன்னாங்க, ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாத்தா மூணுல ரெண்டு பேருக்கு மேல ரத்தத்துல மருந்தே இல்ல. பொய் சொல்லிட்டாங்கன்னு அப்ப சில பேர் கோவப்பட்டாங்க, எனக்கு அந்தக் கோவம் புரியவே இல்ல. அது எச்ஐவி இருக்கிறவங்க சாப்பிடுற அதே மருந்து, டப்பாவ வீட்ல யாராவது பாத்தா இவளுக்கு நோய்னு ஊர் பூரா பரவிரும், புருஷன் அடிப்பான். வாந்தி, தலசுத்தல் வேற. ஒளிச்சு வைக்க எடம் இல்லாத ஒத்த ரூம் வீட்ல தினமும் ஒரு மாத்திரை முழுங்குறது எவ்ளோ பெரிய வேலைன்னு ஆய்வு வடிவமைச்சவங்கதான் யோசிச்சிருக்கணும்.

யோசிச்சிருந்தா பதில் பக்கத்து ரூம்லயே இருந்துச்சு, டெப்போ ஊசி. எந்த காரணத்துக்காக பொண்ணுங்க அத தேடிப் போனாங்களோ அதே காரணம் எச்ஐவி தடுப்பு மருந்துக்கும் பொருந்தும். மாசத்துக்கு ஒரு தடவ பிறப்புறுப்புக்குள்ள தானே வச்சுக்கிற, எச்ஐவி மருந்து உள்ள டாபிவிரின் வளையம் 2016ல 30 சதவீதம் பக்கம் பாதுகாப்பு காட்டுச்சு, குறைச்சல்தான், ஆனா முழுக்க பெண்ணோட கையில இருக்கிறது. 2020ல ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசியான கபோடெக்ராவிர், தினசரி மாத்திரை கொடுத்த குழுவோட ஒப்பிட்டா 89 சதவீதம் கம்மியான தொற்று. அப்புறம் 2024ல லெனகபாவிர், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ தோலுக்கடியில போடுறது. தென்னாப்பிரிக்காவுலயும் உகாண்டாவுலயும் 16லேர்ந்து 25 வயசுப் பொண்ணுங்க 2,134 பேருக்கு போட்டாங்க, ஒருத்தருக்குக்கூட எச்ஐவி வரல. பூஜ்யம். அதே ஆய்வுல ட்ரூவாடாங்கிற தினசரி தடுப்பு மாத்திரை கொடுத்த 1,068 பேர்ல 16 பேருக்கு வந்துச்சு.

இந்த ஆய்வுல நான் கொண்டாடுற இன்னொரு விஷயம், கர்ப்பமான பொண்ணுங்களை வெளிய அனுப்பல. விருப்பம் இருந்தா ஊசியத் தொடரலாம், நடுவுல 500 கர்ப்பம் பக்கம் பதிவாச்சு. வழக்கமா மருந்து ஆய்வுகள்ல கர்ப்பம்னு தெரிஞ்ச ஒடனே மருந்த நிறுத்திருவாங்க, பாதுகாப்புக்குன்னு சொல்லி. ஆனா கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்லயும் பிரசவத்துக்கப்புறமும் எச்ஐவி தொத்துற ஆபத்து கூடத்தான் செய்யுது, அதுவும் அப்ப புதுசா தொத்துனா ரத்தத்துல வைரஸ் உச்சத்துல இருக்கும், வயித்துல இருக்கிற கொழந்தைக்கும் பால் குடிக்கிற கொழந்தைக்கும் போற வாய்ப்பு ரொம்ப அதிகம். கர்ப்பத்தோட ஆரம்பத்துல ஒரு தடவ டெஸ்ட் பண்ணி நெகட்டிவ்னு சீட்டுல எழுதிட்டா அது பிரசவம் வரைக்கும் செல்லும்னு நினைக்கிறது தப்பு, கடைசி மாசங்கள்லயும் பால் கொடுக்கும்போதும் திருப்பிப் பாக்கணும்.

கர்ப்பம் ஆகக்கூடிய உடம்புங்கிற ஒரே காரணத்துக்காக நல்ல மருந்து மறுக்கப்பட்டதுக்கு கண்ணு முன்னாடி ஒரு உதாரணம் உண்டு. 2018 மே மாசம் போட்ஸ்வானாவுல, எச்ஐவிக்கு டோலுடெக்ராவிர் சாப்பிட்டுக்கிட்டே கர்ப்பமான 426 பேர்ல நாலு பேர் கொழந்தைகளுக்கு மூளை, தண்டுவடம் சரியா உருவாகாத குறைபாடு இருந்தது தெரிய வந்துச்சு. ஒடனே பல நாடுகள்ல கர்ப்பம் ஆகக்கூடிய வயசுல இருக்கிற பெண்களுக்கு அந்த மருந்த நிறுத்துனாங்க, இல்ல கர்ப்பத்தடை எடுத்தாத்தான் தருவோம்னாங்க. பழைய மருந்து எஃபாவிரன்ஸ், அதுல தலசுத்தல், கெட்ட கனவு, போதாததுக்கு கர்ப்பத்தடை இம்ப்ளான்ட்டோட பலத்தையும் அது குறைக்கும். அந்த வருஷம் ஜூலையில எச்ஐவியோட வாழ்ற ஆப்பிரிக்கப் பெண்கள் ருவாண்டாவோட தலைநகர் கிகாலியில கூடி, விவரத்த எங்ககிட்ட சொல்லுங்க, முடிவ நாங்க எடுக்கிறோம்னாங்க. இன்னும் நிறைய பிரசவங்களோட கணக்கு சேந்தப்ப அந்த ஆபத்து ரொம்பக் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, 2019லயே உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் டோலுடெக்ராவிர்தான்னு சொல்லிட்டாங்க. பெண்கள் சொன்னதுதான் சரின்னு ஆச்சு.

இப்ப லெனகபாவிருக்கு வருவோம். அமெரிக்கா 2025 ஜூன்ல அனுமதிச்சது, அடுத்த மாசமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது. அமெரிக்காவுல அப்ப வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல விலை. ஹைதராபாத்துல இருக்கிற டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் 120 நாடுகளுக்கு வருஷத்துக்கு 40 டாலர்ல 2027லேர்ந்து கொடுக்கப் போறதா 2025 செப்டம்பர்ல அறிவிப்பு வந்துச்சு. ஆனா மருந்து விலை மட்டும் இல்ல பிரச்சன. 2025 ஜனவரில அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டு உதவிய நிறுத்தி வச்சப்ப ஆப்பிரிக்காவுல எச்ஐவி கிளினிக்குகள் தடுமாறிப் போச்சு, அப்புறம் கொடுத்த விலக்குலயும் எச்ஐவி தடுப்பு மருந்து கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும் மட்டும்னு சொன்னாங்க. கர்ப்பம் ஆகாத பதினெட்டு வயசுப் பொண்ணு அந்தப் பட்டியல்லயே இல்ல. கர்ப்பிணிக்கு கொடுக்கிறது சரி, ஆனா கொழந்தைய சுமந்தாத்தான் அவ உயிருக்கு மதிப்புன்னு ஆகிடக் கூடாது இல்லையா.

இனிமே அந்த ஊசிய எந்தக் கதவுக்குப் பின்னாடி வைக்கப் போறாங்கங்கிறதுதான் கேள்வி. எச்ஐவி கிளினிக்ல வச்சா, அந்த வாசல்ல நின்னதயே யாராவது பாத்துருவாங்கன்னு நோய் இல்லாத பொண்ணு வர மாட்டா. குடும்பக் கட்டுப்பாடு ரூம்ல வச்சா அவ ஏற்கனவே அங்க வர்றா. டெப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவ, லெனகபாவிர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, ரெண்டாவது டெப்போ தேதிக்கு வரும்போது ரெண்டையும் ஒண்ணா போட்டு, எச்ஐவி டெஸ்டும் கிளமிடியா டெஸ்டும் அதே தடவயில முடிச்சு அனுப்பிடலாம். நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிகள்லயும் 2017லேர்ந்து அந்தரான்னு இதே மூணு மாச ஊசி இலவசமா கிடைக்குது, அத போட வர்றவங்ககிட்ட வெள்ளைப்படுதல் இருக்கா, புருஷன் டெஸ்ட் பண்ணிருக்காரான்னு தனியா, கூட வந்தவங்கள வெளிய நிக்க வச்சுட்டுக் கேக்குறதுக்கு புது மருந்து எதுவும் தேவையில்ல. ஆப்பிரிக்காவுல ரெண்டு ஊசியையும் ஒரே ரூம்ல கொடுக்க வேண்டியது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் எச்ஐவிக்கும் இருக்கிற ரெண்டு தனித்தனி பட்ஜெட்ட ஒண்ணா சேக்குறது, ஊசி போடுற நர்ஸுக்கு ரெண்டு பயிற்சியும் கொடுக்கிறது, பதினெட்டு வயசு ஆகாத பொண்ணு தனியா வந்தா அம்மா கையெழுத்து வாங்கிட்டு வான்னு திருப்பி அனுப்பாம இருக்கிறது.